சத்தமாகப் படிக்கவும்

கோபர்கைரனே
9 ஜூன் 2024

ஆதர்ஷுக்கு,

முதலில் விஜயலக்ஷ்மி மாமிக்கு வணக்கம். மாமி, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் படித்துக் காட்டப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தமிழ் பேச மட்டுமே வரும், கடைப் பலகை படிக்கக்கூட அம்மா வேண்டும் என்று ஆபீசில் அவனே சொல்லிச் சிரிப்பான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நடுவில் எதையும் விடாமல், சத்தமாகப் படியுங்கள்.

இனி உனக்கு, ஆதர்ஷ்.

மார்ச் பதினொன்றாம் தேதி என் நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். பச்சை அட்டை போட்டது, முழுக்கத் தமிழில் எழுதியது. இரண்டே நாளில் தருகிறேன் என்றாய். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி செம்பூர் ஆபீசில், நம் மேலதிகாரி ரோஷன் சார் முன்னால், என் நோட்டில் இருந்ததெல்லாம் பெரிய திரையில் ஓடியது. கீழே 'யோசனை: ஆதர்ஷ் சங்கரன்' என்று போட்டிருந்தாய். நான் உனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினாய்.

மாமிக்கு விஷயம் புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். நாங்கள் செய்யும் விளையாட்டின் பெயர் 'கருங்கோட்டை'. ஆடுகிறவன் ஒரு வீரனை உருவாக்கி, ஊர் ஊராகப் போய் பேய்களை வெட்டி, லெவல் ஏற்றிக்கொண்டே போவான். அறுபது மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முடித்தவன் போய்விடுகிறான், அதுதான் எங்கள் ஆபீசுக்குப் பிடித்த நோய். இன்னொரு புது ஆளை உருவாக்கி மறுபடி முதல் லெவலில் எலி அடிக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? அந்தத் தலையெழுத்தை எப்படி உண்டாக்குவது என்றுதான் ஒன்றரை வருஷமாக நோட்டில் எழுதினேன். ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே எழுதியது பாதி.

அன்றைக்கு ஆத்திரத்தில் உனக்கு மெசேஜ் அனுப்பினேன். ஆமாம், 'திருட்டு நாயே' என்றுதான் எழுதினேன். நீ அதைப் படம் எடுத்து எச்.ஆரிடம் காட்டினாய். மே முப்பத்தொன்றோடு என் வேலை போயிற்று. தாராவியை ஒட்டி, நான் வளர்ந்த மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கும் என் அம்மா மீனாட்சியம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏட்டி, எடுத்தவன் அங்கன இருக்கான், பறிகொடுத்தவ நீ ஏன் வெளிய வந்த?"

எனக்கு இரண்டு வேண்டும். என் நோட்டு, விளையாட்டில் என் பெயர். உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன், மெயிலையும் திறக்க மாட்டேன். பதில் எழுதுவதானால் தாளில் எழுது, தமிழில் எழுது.

மா. மாரீஸ்வரி


மாட்டுங்கா
20 ஜூன் 2024

மாரிக்கு,

ஆதர்ஷ் சொல்லச் சொல்ல அவன் அம்மா எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுப் பெரியவர்களை இதில் இழுத்தது கேவலம். எனக்கு நேரே எழுத உனக்குத் தைரியம் இல்லை.

யோசனை என்பது காற்று மாதிரி, எல்லார் தலையிலும் இருக்கிறது. பழைய வீரன் ஊரை ஆளும் கொடுங்கோலனாக மாறிவிடுவான், புது வீரன் வந்து அவனைச் சாய்க்க வேண்டும், இவ்வளவுதானே உன் நோட்டில் இருப்பது? அதை நான் விளையாட்டாக மாற்றினேன். புது ஆளைத் தொடங்கினால் இரட்டை வேகத்தில் லெவல் ஏறும். பழைய ஆளின் வாள் சீதனமாக வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பந்தயம். இதெல்லாம் உன் நோட்டில் இருந்ததா? இல்லை. உழைத்தது நான். நீ ரயிலில் கிறுக்கினாய்.

தவிர, சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியதெல்லாம் கம்பெனியின் சொத்து. வக்கீலைக் கேட்டுப் பார். நோட்டு எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. ஆகஸ்டில் விளையாட்டு வெளியாகிறது. வாங்கி ஆடு.

ஆதர்ஷ்

அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இரண்டு வார்த்தை மட்டும் எழுதவில்லை. அது என் பேனாவில் வராது. வி.


கோபர்கைரனே
2 ஜூலை 2024

ஆதர்ஷுக்கு,

மாமி, அந்த இரண்டு வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியும். ஆபீசிலும் அதைச் சொல்வான், மராத்தியில்.

உன் சீதனத்தைப் பற்றிப் படித்துச் சிரித்தேன், ஆதர்ஷ். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவினவனை, இன்னும் ஒரு கரண்டி பாயசம் போடுகிறேன், மறுபடி இலையில் உட்கார் என்கிறாய். உட்கார மாட்டான். அவனுக்குப் பசி வேண்டும். பலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பலம்தான் அவனுடைய பழைய ஆளிடம் மூட்டையாகக் கிடக்கிறதே. வாளைக் கொடுக்கிறாய், வேகத்தைக் கொடுக்கிறாய், எதற்காக வெட்ட வேண்டும் என்பதை மட்டும் கொடுக்கவில்லை. பகையே இல்லாத சண்டையை எத்தனை நாள் போடுவான்?

ஏப்ரல் கூட்டத்திலேயே கவனித்தேன். என் நோட்டில் பாதிதான் உன் திரைக்கு வந்திருந்தது. மீதி ஏன் வரவில்லை என்று அப்போது புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

நோட்டு தொலைந்துபோகவில்லை. நீ எதையும் தொலைப்பவன் இல்லை, எடுத்து வைப்பவன். விளையாட்டிலும் அப்படித்தான். உன் வீரன் 'ஆதி' ஒரு வீடு விடாமல் புகுந்து, பானையை உடைத்து, பெட்டியைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போவான். என்ன எடுத்தோம் என்று திரும்பிப் பார்த்ததே கிடையாது.

ஆகஸ்ட் வரட்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

மாரீஸ்வரி


மாட்டுங்கா
14 அக்டோபர் 2024

மாரிக்கு,

ஆதர்ஷ் சொல்கிறான், எழுதுகிறேன்.

வெளியாகி இரண்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்து சந்தோஷப்பட்டும் இருப்பாய். முதல் ஆளை நிறையப் பேர் ஆடினார்கள். புது ஆளைத் தொடங்கியவர்கள் நூற்றில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் மூன்றாம் நாள் போய்விட்டார்கள். கொடுங்கோலன் சண்டை நன்றாக இருக்கிறது, ஆனால் இவனை நான் ஏன் அடிக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். கிட்டத்தட்ட நீ எழுதிய வார்த்தைகள்.

பணம் போட்டவர்கள் டிசம்பர் இரண்டாம் தேதி வருகிறார்கள். அதற்குள் சரி செய்யாவிட்டால் கடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்கள். ரோஷன் தினமும் என் மேஜைக்கு வந்து நிற்கிறார்.

ஒரு பாதி வரவில்லை என்று எழுதியிருந்தாயே. அது என்ன? சொன்னால் நன்றிப் பட்டியலில் உன் பெயர் வர ஏற்பாடு செய்கிறேன். சவுண்ட், பெயிண்டிங் ஆட்களுக்கு அடுத்தபடியாகப் போடலாம். பழையதை மறந்துவிடு. நீ முப்பது வயதுப் பெண், நான் முப்பத்திரண்டு வயது ஆண், சின்னப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்ள வேண்டாம்.

ஆதர்ஷ்


கோபர்கைரனே
23 அக்டோபர் 2024

ஆதர்ஷுக்கு,

சவுண்டுக்கும் பெயிண்டிங்குக்கும் அடுத்தபடியா! அந்த இடத்தை நீயே வைத்துக்கொள்.

அந்தப் பாதி உன் வீட்டில்தான் இருக்கிறது. நோட்டின் கடைசி ஆறு பக்கம். அது 'அப்பாவின் பட்டறையில்' என்று ஆரம்பிக்கும். மாமி, அது என்ன என்று அவன் கேட்டதிலிருந்தே தெரிகிறது, அதை நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. உங்களை ஒன்று கேட்கிறேன். மற்றதையெல்லாம் படித்துக் காட்டிய நீங்கள் இதை மட்டும் ஏன் விட்டீர்கள்? அடுத்த வீட்டுக் கதை, நமக்கு எதற்கு என்றா? அப்படியானால் அது அடுத்தவள் நோட்டு என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதையும் சத்தமாகப் படியுங்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பிரம்மநாயகம் தாராவியில் தோல்பை தைத்தார். பை வெட்டுவதற்கான அட்டை மாதிரிகள் நூறுக்கு மேல், எல்லாம் அவர் கையால் வரைந்தவை. கூட்டாளி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய் வேறு பட்டறை போட்டான். அப்பா போலீசுக்குப் போகவில்லை, சண்டைக்கும் போகவில்லை. சாகும்வரை வேறொருவன் பட்டறையில் தைத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த ஆளுக்கு என்ன சாபம் கொடுக்கலாம் என்று யோசித்தபடியே தூங்குவேன். செத்துப்போகட்டும் என்பது எனக்குப் போதவில்லை. அவன் என் அப்பாவாகப் பிறக்க வேண்டும், எதிர்ப் பட்டறையில் தன்னையே தினமும் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இதுதான் அந்தப் பாதி. புது ஆள் எங்கிருந்தோ குதித்து வரக் கூடாது. பழைய வீரன் யாருக்கு அதிகக் கெடுதல் செய்தானோ அவர் வீட்டில் பிறக்க வேண்டும். பானை உடைந்த வீடு, பெட்டி காலியான வீடு. தன்னை வீரன் என்று நினைத்துத் தான் செய்ததையெல்லாம் அவன் இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அப்புறம் பார், முதல் லெவலில் எலி என்ன, எறும்பைக்கூட அடிப்பான்.

எந்த வீடு என்று விளையாட்டே கணக்குப் போட வேண்டும். அதன் விதியும் அங்கேயே எழுதியிருக்கிறது. எது விலை உயர்ந்தது என்று பார்க்காதே. பறிகொடுத்தவர் மறுபடி செய்துகொள்ளவே முடியாத பொருள் எதுவோ அதுவே எல்லாவற்றிலும் கனமானது.

எடுத்துக்கொள். எப்படியும் எடுக்கத்தான் போகிறாய். ஒரே ஒரு எச்சரிக்கை தருகிறேன், நாளைக்கு நான் சொல்லவில்லை என்று யாரும் பேசக் கூடாது. புது ஆளைத் தொடங்குவதற்கு முன்னால் உன் ஆதியின் பையைக் கவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்.

மாரீஸ்வரி


மாட்டுங்கா
24 நவம்பர் 2024

மாரிக்கு,

ஆதர்ஷ் சொல்ல எழுதுகிறேன்.

முடித்துவிட்டேன். நாலு வாரம், ஞாயிறுகூட இல்லாமல். நேற்று வெளியாட்கள் நாற்பது பேருக்கு ஆடக் கொடுத்தோம். நாற்பது பேரும் இரண்டாவது ஆளைத் தொடங்கினார்கள், முப்பத்தாறு பேர் மூன்றாவதையும். சஃப்ரீன் என்று ஒரு காலேஜ் பெண் தன் பழைய வீரனைப் பார்த்து ஹிந்தியில் திட்டிக்கொண்டே ஆடினாள். ரோஷன் என்னைக் கட்டிப்பிடித்தார்.

இரண்டாம் தேதி பணம் போட்டவர்கள் முன்னால் நானே ஆடிக் காட்டப்போகிறேன், என் ஆதியை வைத்து. எழுநூறு மணி நேரம் ஆடிய ஆள், ஆபீசில் அவனை விடப் பழையவன் கிடையாது. உன் பெயரைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

உன் மிரட்டலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பையைப் பார்த்தேன். நாலாயிரம் சாமான். சந்தேகப்படும்படி ஒன்றுதான் இருந்தது: விளையாட்டில் சுண்ணாம்புத் தெரு என்ற இடத்தில் எடுத்த ஏதோ ஒரு ஏடு, அதில் தமிழில் எழுதிய ஒரு பக்கம். அதைப் போனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். வெறும் அலங்காரம், அர்த்தம் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். பூச்சாண்டி காட்டுவதற்கு வேறு ஆளைப் பார்.

ஆதர்ஷ்


மாட்டுங்கா
5 டிசம்பர் 2024

மாரி,

இது போனில் பேசி அடித்த தமிழ். தப்பு இருந்தால் போன்தான் பொறுப்பு. அம்மா இனிமேல் எழுத மாட்டேன் என்கிறாள்.

நீ ஆபீசில் இல்லை, ஆனால் எல்லாம் தெரிந்திருக்கும். என் வாயால் கேட்க ஆசையாக இருந்தால் கேள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புது ஆள் என்று அழுத்தினேன். எழுநூறு மணி நேரத்தில் ஆதி எத்தனை ஊரை எரித்திருக்கிறான். அதையெல்லாம் விட்டுவிட்டு, மறுபடி செய்ய முடியாத பொருள் பறிபோன இடம் என்று விளையாட்டு சுண்ணாம்புத் தெருவைப் பிடித்தது. ஒரு சின்ன வீடு, பாவாடை கட்டிய ஒரு பெண், மேஜையில் நோட்டு இருந்த இடம் காலி. பறிபோனது இதுதான் என்று, ஏட்டில் இருந்த அந்தத் தமிழ்ப் பக்கம் திரை முழுக்க விரிந்தது. வந்தவர்களில் ஒருத்தர் இது என்ன எழுத்து என்று கேட்டார். நான் டிசைன் என்றேன். ரோஷன் நம்பாமல் அக்கவுண்ட்ஸ் பஞ்சாபகேசனைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், அப்புறம் ஹிந்தியிலும் சொன்னார். 'கெட்டது செய்தவன் பறிகொடுத்தவர் வீட்டில் பிறக்கும் இந்த யோசனை என்னுடையது. என் நோட்டை மார்ச் பதினொன்றாம் தேதி வாங்கிப் போனவன் ஆதர்ஷ். திருப்பித் தரவில்லை. இதைப் பார்க்கிறவர் சத்தமாகப் படிக்கவும். மாரீஸ்வரி, மாட்டுங்கா லேபர் கேம்ப்.'

வேலையை விட்டுப் போவதற்கு முந்தின வாரம் நீ கட்டிய தெரு அது. பாவி. அந்த வாரம் நான் அதற்குள் நுழைந்து அந்த நோட்டை எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. கிட்டே போனேன், பளபளத்தது, எடுத்தேன்.

ரோஷன் உனக்குப் போன் செய்திருப்பார். உன் பெயர் முதலில் வருகிறது. நான் அடுத்த மாதத்திலிருந்து டெஸ்டர், புதுசாகச் சேர்ந்த நகுலுக்குக் கீழே. கட்டம் கட்டமாக நடந்து சுவர் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு யாரும் என்னை வேலைக்கு எடுக்க மாட்டார்கள், அதனால் போவேன்.

உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒன்று மட்டும் சொல். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். தினம் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிறாள். அந்தப் பக்கத்தை அவள் படித்தாளா? நான் கேட்டால், காபி ஆறுகிறது, குடி என்கிறாள். நீ அவளிடம் தனியாகப் பேசினாயா?

ஆதர்ஷ்


மாட்டுங்கா
11 டிசம்பர் 2024

மாரீஸ்வரிக்கு,

இந்தத் தடவை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

ஆதர்ஷ் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். நீ பதில் போட வேண்டாம். நான் நேற்றே அவனிடம் சொல்லிவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கத்தைக் காட்டப் போனை நீட்டியதும் முதல் வரியிலேயே எனக்குப் புரிந்தது. முழுக்கப் படித்தேன், இரண்டு தடவை. பிறகு அலங்காரம் என்றேன். அவன் என்னை நம்பினான். சின்ன வயசிலிருந்து போர்டு, பத்திரிகை, கல்யாணக் கடுதாசி எல்லாம் நான் படித்துச் சொன்னதை நம்பினவன். சொன்னதும், "நீயாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். இன்னும் என்னோடு பேசவில்லை.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மார்ச்சில் அவன் நோட்டைக் கொண்டுவந்து, ஆபீஸ் நோட்டு, எல்லாருமாக எழுதினது என்றான். முதல் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. கேட்டேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவள் என்றான். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, நம்பிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் பேங்கில் இருந்தேன், ஒரு பென்சில்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. என் குரலை வைத்து என் பிள்ளை திருடினான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கோபம்தான் அலங்காரம் என்று சொல்ல வைத்தது.

நான் எழுதாமல் விட்ட இரண்டு வார்த்தை, 'தாராவி புத்தி'. உனக்குத் தெரியும் என்றாய். அவன் அதை எங்கே கற்றான் என்று உனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையலறையில், என்னிடம்தான். இதை எழுதவே எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

இனி உன் பங்கு. நீயும் என்னைக் கேட்காமல் என் வாயை எடுத்துக்கொண்டாய். 'மாமி, சத்தமாகப் படியுங்கள்' என்று எழுதும்போது அங்கே உட்கார்ந்து நீ சிரித்திருப்பாய். என் பிள்ளை திருடன் என்பதை என் நாக்காலேயே, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று கடிதம், மூன்று தடவை. உன் விளையாட்டின் விதிப்படி பார்த்தால், நீ புகுந்து எடுத்த வீடுகளில் என் வீடும் ஒன்று.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது, அவன் வைத்தது இல்லை, நான் வைத்தது. கடைசி ஆறு பக்கம் அதில் இருக்காது. ஒழுங்காகப் பிரித்து எடுத்துவிட்டேன், கிழிக்கவில்லை. உன் அப்பாவைப் பற்றியது, அது உனக்கு வேண்டும் என்று தெரியும். வேண்டுமானால் நேரில் வா. எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆதர்ஷும் இருக்கும்போது, ஆறு பக்கத்தையும் நீயே சத்தமாகப் படி. நடுவில் எதையும் விடக் கூடாது. படித்து முடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போ.

செவ்வாய்க்கிழமை வராதே, அன்றைக்கு எனக்குப் பல் டாக்டர்.

விஜயலக்ஷ்மி சங்கரன்